அட்டை இல்லாத அணுக்கள்

பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஸ்கேனர். சட்டையில் அடையாள அட்டை இல்லாதவரை அவர் உள்ளே விடமாட்டார். புதுச் சீருடை கொடுத்த அன்று பாதிப் பேர் அட்டையைப் பழைய சட்டையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். தினமும் பார்க்கிற முகங்கள்தான். ஆனாலும் நிறுத்திவைத்தார். பின்னால் லாரிகளும் சேர்ந்து, ஈ நுழைய வழியில்லாமல் வாசலே அடைத்துக்கொண்டது.

அவருக்கு ஒரு நாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மதியம் தெளிந்தது. மறுநாள் காலையிலும் அதே நிறம். அவர் சந்தேகம் நேரே பிளாஸ்க் மேல் போய் நின்றது. கூடக் காவல் பார்ப்பவனுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது; அவன்தான் தினமும் மாலையில் வீட்டுத் தேநீர் கொண்டுவந்து ஊற்றிக் கொடுப்பவன். அவர் படுத்துவிட்டால் அவர் இடம் அவனுக்குத்தான்.

“எதையோ கலக்குறான். நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லி வேலையை விட்டே தூக்குறேன்.”

“ஏங்க, அவனும் அதே டீயைத்தானே குடிக்கிறான்?” என்றாள் மனைவி.

“எனக்கு ஊத்தினப்புறம்தான் குடிக்கிறான். கவனிச்சியா?”

“போன மாசம் என் குழம்பு, இப்போ அவன் டீயா? பிள்ளைகுட்டிக்காரன் வயித்துல அடிக்காதீங்க.”

மறுநாள் மேனேஜர் அறைப் படியிலேயே இடது கால் கல்லாய்க் கனத்தது. கெண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது. தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியது பிளாஸ்க்தான்.

“எங்கடா கொண்டுபோறே?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனார்.

பரிசோதனைகள் முடிந்ததும், “டாக்டரம்மா, என்ன விஷம்?” என்றார்.

“விஷமே இல்ல. கிருமியைக் கொல்ல ரத்தத்துல சில புரதங்கள் காவல் சுத்துது. நம்ம அணுக்கள் மேல ‘நம்ம ஆளு’ன்னு காட்டுற அடையாளம் இருக்கும். உங்க அணுக்கள் பலதுல அது இல்ல. காவல் புரதம் சிவப்பணுவை உடைக்குது, அந்த நிறம் சிறுநீர்ல வருது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களையும் அது உசுப்பிவிடுது. அதான் கால்ல ரத்தம் கட்டிக்கிச்சு.”

“சொந்த அணுவையே தெரியாதா அதுக்கு?” என்று சீறினார்.

“அட்டை இல்லையாமே,” என்றாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்த மனைவி.

நர்ஸ் ஊசி போட வந்தாள். அவர் மருந்தின் பெயரை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையை நீட்டினார்.

மாலையில் பிளாஸ்க் வந்தான். “அண்ணே, அவர் ரூமுக்கு எதுக்கு வந்தீங்கன்னு மேனேஜர் கேட்டாரு. என்ன சொல்லட்டும்?”

அவர் அவனையே உற்றுப் பார்த்தார். “லீவு கேக்கத்தான்னு சொல்லு.”

அவன் தேநீரை ஊற்றி நீட்டினான்.

“முதல்ல நீ குடி.”

குடித்தான். அவன் தொண்டையில் அது இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஸ்கேனர் கோப்பைக்குக் கை நீட்டினார்.