டயரில் இரண்டு தட்டு

ஸ்கூல் வேன் ஓட்டியவள் என்பதால் லாரி ஷெட்டில் அவளுக்கு ‘வேனக்கா’ என்றே பேர் விழுந்துவிட்டது. வேலை பழக்கிய டிரைவர் யாரோ எவரோ அல்ல, அவளுடைய பெரியப்பா மகன், கூடப் பிறக்காத அண்ணன். அவள் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை போன சமயத்தில், “எங்க கம்பெனிக்கு வா, நான் இருக்கேன்ல” என்று அண்ணன்தான் கூட்டிப்போனார். அந்த ‘நான் இருக்கேன்ல’வைக் கேட்டுத்தான் இவள் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். பயிற்சி முடிந்தால் தனி லாரி தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் சேர்த்தே தினமும் மதியச் சாப்பாடு கட்டினாள்.

பெரிய லாரியில் இன்ஜின் வண்டி வேறு, சரக்குப் பெட்டி வேறு. இன்ஜின் வண்டியைப் பின்னால் எடுத்துப் பெட்டிக்கு அடியில் செருகினால், பெட்டியின் இரும்பு முளை பூட்டுக்குள் ‘டக்’கென்று விழும். விழுந்ததா என்று டிரைவர் இறங்கி, குனிந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். லேசாக முன்னால் இழுத்தும் பார்க்க வேண்டும். அதன் பிறகே பெட்டியின் முட்டுக்கால்களைத் தூக்கலாம்.

ஆரம்பத்தில் அவளும் இறங்கித்தான் பார்த்தாள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி எதுக்கு எட்டி எட்டிப் பாக்குறே என்று நாலு பேர் முன்னால் கிண்டலடித்தார். கீழே நான் நிற்கும்போது நீ இறங்கினால் என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் கோபம் பொல்லாதது. அவள் இறங்குவதை விட்டாள். அவர் டயரில் இரண்டு தட்டுத் தட்டுவார், இவள் கிளப்புவாள். அவ்வளவுதான் பாடம்.

பயிற்சியின் கடைசி வாரம். அன்றும் அவரே முட்டுக்கால்களைத் தூக்கினார், பெட்டியின் பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய்களை மாட்டினார், டயரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“பூட்டு விழுந்திருச்சு. எடு.”

எடுத்தாள். கேட் பக்கம் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தது. முளை பூட்டுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. பெட்டி மூக்குக் குப்புறத் தரையில் கிடந்தது, குழாய்கள் அறுந்து காற்று சீறியது. ஷெட்டே திரண்டுவிட்டது.

மேனேஜர் வந்து பூட்டைப் பார்த்தது யார் என்று கேட்டார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம். அண்ணன் இருக்கிறாரே.

“நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன் சார். இறங்கிப் பாரு இறங்கிப் பாருன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே” என்றார் அண்ணன்.

முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? இல்லை, அறுந்த குழாயைப் பார்த்துச் சொன்னார். அடப்பாவி மனுஷா! நம்பிக் கழுத்தை நீட்டியவளுக்கு அங்கேயே நெஞ்சு வெடித்தது. பெட்டி விழுந்ததுகூட வலிக்கவில்லை. ‘தலையால அடிச்சுக்கிட்டேன்’ என்றாரே, அதுதான் வலித்தது.

“அவர்தான் சார் எடுன்னாரு. ஆனா நான் இறங்கிப் பாக்கல. அது என் தப்பு” என்றாள். முதல் பாதி யார் காதிலும் ஏறவில்லை. தனி லாரி கைவிட்டுப் போனது. முதலிலிருந்து பழகு என்று வேறொரு டிரைவரிடம் அனுப்பினார்கள். அன்று மதியம் அவள் கட்டிவந்த சாப்பாட்டை அண்ணன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புது ஆள் சிரிக்கவே தெரியாத மனிதர். இறங்கு, பார், இழு என்பதற்கு மேல் பேச மாட்டார். ஒரு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தனி லாரி கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், அவள் பெட்டி மாட்டும்போது அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். ஷெட்டிலும் வீட்டு விசேஷங்களிலும் பார்த்துக்கொள்வதுதான், பேச்சு அளவோடு. என்ன நினைத்தாரோ, தாமாகவே குனிந்து அடியில் பார்த்தார். பிறகு டயரில் இரண்டு தட்டு.

“விழுந்திருச்சும்மா. எடு.”

அவள் இன்ஜினை நிறுத்தினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, அவரைத் தாண்டிப் போய், குனிந்து பார்த்தாள். பூட்டு சரியாகத்தான் விழுந்திருந்தது.

“நான்தான் பாத்துச் சொன்னேனே” என்றார், குரல் இறங்கி.

“ஆமாண்ணே, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க” என்றாள் அவள். டார்ச்சை அணைத்துவிட்டு, மேலே ஏறி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.