ஏழு சேலைகளும் நான் சத்தமாகச் செய்த ஜெபமும்

நம் சபையின் அன்பான உறவுகளே, ஸ்டெல்லாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, ஆனா பாதிய மறைக்காதீங்க" என்றாள். மறைக்கவில்லை.

போன வருடம் என் கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு, லோரி ஓட்ட முடியாமல் போனது. தெலுக் பங்லிமா காராங் ஊரில் உள்ள தொழிற்சாலையில் எனக்குக் கிடைக்கும் சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை. வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியில் லைவ் போட்டுச் சேலை விற்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண். பார்க்கிறவர்களில் யார் முதலில் அந்த எண்ணை எழுதுகிறார்களோ அவர்களுக்கு அதை எடுத்து வைப்போம். மறுநாள் பணம் வரும்.

என் லைவுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இருவர் என் தங்கைகள். ஒருவர் என் கணவர், பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இதயக் குறிகளாகத் தட்டிவிடுவார்.

ஸ்டெல்லா பாலர் பள்ளி ஆசிரியை. மகனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கக் கூடுதல் வருமானம் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். நான்தான் எல்லாம் கற்றுக்கொடுத்தேன். விளக்கை எங்கே வைப்பது என்றுகூட நான்தான் சொன்னேன். இரண்டே மாதம், அவளுக்கு இருநூறு பேர்! வயிறு எரிந்தது. அவள் சிரிப்பு, அவள் நிறம், அவள் 'வாங்கக்கா' என்று இழுக்கிற இழுப்பு, எதுவுமே எனக்குப் பிடிக்காமல் போனது. "ஆண்டவரே, அவளிடம் போகிறவர்களை என் பக்கம் திருப்பும்" என்று தினமும் ஜெபித்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, ரோஜாப்பூப் படம் போட்டு ஒரு பொய்க் கணக்குத் திறந்தேன். அவள் லைவில் நுழைந்து, நல்ல சேலைகளாகப் பார்த்து ஏழுக்கு எண் எழுதினேன். பிறகு காணாமல் போய்விட்டேன். அந்த ஏழு சேலைகளையும் கேட்ட மற்றவர்களை அவள் இல்லையென்று அனுப்பிவிட்டாள். பண்டிகை முடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் அவள் கடனுக்கு எடுத்து வந்திருந்த சேலைகள் தங்கிவிட்டன.

அடுத்த புதன்கிழமை சூசன் ஆன்டி வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஸ்டெல்லா அழுதாள். "பிரிக்பீல்ட்ஸ் கடைக்கார அண்ணே இனிமே சரக்கு குடுக்க மாட்டேன்னுட்டாரு ஆன்டி. பையன் கிளாஸ நிறுத்தணும் போல. யாரு இப்படி செஞ்சாங்கன்னே தெரியல."

சூசன் ஆன்டி என்னைப் பார்த்தார். "கிரேஸ், நீதானே அவளுக்கு நெருக்கம். நீ ஜெபம் பண்ணும்மா."

எழுந்தேன். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று வழக்கத்தைவிடச் சத்தமாக ஜெபித்தேன். "இதைச் செய்த ஆளைச் சும்மா விடாதேயும் ஆண்டவரே! உண்மையைச் சொல்லும்வரை ஒரு வாய் சோறு இறங்கக் கூடாது!" எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஸ்டெல்லாதான் சத்தமாகச் சொன்னாள்.

என் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்த ஜெபம் வேறில்லை. கூட்டம் முடிந்து கொடுத்த மீகூன் சேமியா வாயிலேயே நின்றது. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வேலையிடத்தில் பழுதான பொருள்களையும் நல்லவையென்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். "என்ன லா கிரேஸ், ரிஜெக்ட் எல்லாத்தையும் பாஸ் பண்ணிக்கிட்டு இருக்க?" என்று லைன் லீடர் திட்டினாள்.

மூன்றாம் நாள் மாலை, கம்பெனி வேனில் இருந்து இறங்கி நேராகக் கிள்ளானில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே கைப்பேசியில் அந்த ரோஜாப்பூவைக் காட்டினேன்.

"நீங்களாக்கா?" என்றாள். "நான் எவ்ளோ சத்தமா ஆமென் சொன்னேன்..." என்றாள். பிறகு கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

அந்த வார விடுமுறையில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "தப்பு என்னோடது அண்ணே. அவளுக்குச் சரக்கு குடுங்க. அந்த ஏழு சேலைக்கும் நானே பணம் கட்டி எடுத்துக்கிறேன்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே வந்து சொல்றீங்க, அதனால குடுக்கிறேன்" என்றார். அன்று அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். சோறு இறங்கியது. அழுதுகொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஸ்டெல்லா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "என் லைவுல கமென்ட் பாக்க ஆளு வேணும். பொய் ஆளுங்களக் கண்டுபிடிக்க உங்களவிட யாருக்கு லா தெரியும்?" இப்போது செவ்வாயும் சனியும் அவளோடு உட்காருகிறேன். வருமானத்தில் எனக்கும் பங்கு தருகிறாள். அவள் மகன் வகுப்புக்குப் போகிறான். போன வாரம் என்னை "ஆன்டி" என்று கூப்பிட்டான்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு இதயக் குறிகள் பறக்கும்போது இன்னும் சுருக்கென்கிறது. உடனே ஜெபிக்கிறேன், மெதுவாக, வார்த்தையைப் பார்த்து. உங்களுக்கும் அப்படி ஏதாவது உள்ளே எரிந்தால் அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கிறார். நான் கேட்டதைவிட நன்றாகவே கொடுத்தார்.

நான் ஞாயிறு ஆராதனைக்குக் கட்டி வரும் பச்சைச் சேலையை எங்கே வாங்கினேன் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். சிரித்து மழுப்பினேன். ஸ்டெல்லாவின் லைவில் அந்த ரோஜாப்பூ எடுத்த ஏழில் ஒன்று. எண் இருபத்தேழு.