மரியதாஸ் அண்ணையின் தோள்

"அங்கிள், அப்பா போயிட்டார்" என்று மரியதாஸ் அண்ணையின் மகள் திரேசா தொலைபேசியில் சொன்னபோது லண்டன் இல்ஃபோர்டில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுப்போகிற மனிதரா அண்ணை?

யாழ்ப்பாணத்துக் குருமடத்தில் இலத்தீன் படித்து, குருவாகாமல் வெளியேறி, எண்பதுகளில் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்தவர். எங்கள் கவுன்சில் வீட்டுச் சுவர்களில் ஈரம் ஊறியபோது, "கவுன்சில் செய்யும், பொறுப்பம்" என்றேன். அவருக்குப் பிடித்த இலத்தீன் வினைச்சொல் சுஸ்தினேரே. கீழே நின்று பாரத்தைத் தாங்குவது அதன் நேர்ப்பொருள். பொறுத்துக்கொள்வது பிறகு வந்தது. "பொறுக்கிறது ரெண்டாவது அர்த்தம். முதலாவதைச் செய்துபோட்டு வாரும்" என்று என்னைக் கவுன்சிலுக்கு இழுத்துப் போனார். சுவரைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லும்வரை அவர் அங்கிருந்து அசையவில்லை.

பிறகு மாதா பெருநாள் வந்தது. சொரூபத்தைத் தெருவில் தோளில் சுமந்தால் வெள்ளைக்காரர் சிரிப்பார்கள் என்று கோயில் பங்குக் குழுவில் இருந்த நம்மவர்களே தள்ளுவண்டி ஒழுங்கு செய்தார்கள். அண்ணைக்கு வந்ததே கோபம்! "மாதா என்ன கடைச் சாமானோ?" வண்டிச் சில்லுக்குச் சைக்கிள் பூட்டைப் போட்டு, சாவியை என் சட்டைப்பையில் திணித்தார்.

ஊரில் உயரம் பார்த்துத்தான் ஆட்களை நிறுத்துவார்கள். இங்கே ஷிப்ட் முடிந்து வந்தவர்கள்தாம் சுமக்க இருந்தார்கள். நெட்டையனான என் பக்கத்தில் கட்டையான அண்ணை. சொரூபத்தைத் தாங்கும் தண்டு அவர் தோளைத் தொடவே இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு நடந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. அவரோ எல்லோரையும் நிறுத்தி, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துத் தோளில் வைத்தார். "எனக்கும் பாரம் வரவேணும்." குளிரில் நடுங்கியபடி கோயில் வாசல்வரை சுமந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அடக்கத்தன்று அவருடைய பெட்டியையும் சில்லு வைத்த தாங்கியில்தான் தள்ளிவந்தார்கள். வேண்டாம் என்றோம். தூக்குவதற்கு என் பக்கத்தில் வந்து நின்றாள் திரேசா.

"பொம்பிளையள் பெட்டி தூக்கிறேல்லை, பிள்ளை" என்றார் ஒரு பெரியவர்.

தகப்பனைப் போலவே கட்டையானவள். கைப்பையிலிருந்து அந்தப் பழைய ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் மடித்து வைத்தாள். நான் பெரியவரிடம், "கொஞ்சம் விலகுங்கோ" என்றேன். சுமந்தோம்.

இந்த வருடமும் பெருநாளுக்குத் தள்ளுவண்டி என்று குழுவில் பேச்சு அடிபடுகிறதாம். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது, இன்னும் வண்டிச் சில்லில் கிடக்கும் அந்தப் பூட்டின் சாவி. குழுவினரே, கேட்டு வராதீர்கள். தரமாட்டேன்.