கதவுக் கைப்பிடியில் மின்னிய சாயம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மைசூர் ஹெப்பாள் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நடந்தது இது. அங்கே டெக்னீஷியனாக எனக்கு ஒன்பது வருட சர்வீஸ். பரம்பரையாக ரத்தசோகை வரும் குடும்பங்களின் ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, அதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மரபணு கண்ணுக்குத் தெரிவதற்காக ஜெல்லை ஒரு சாயத்தில் ஊறவைப்போம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாயமே மரபணுவைக் கெடுக்கக்கூடியது. கையுறை இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே நான்தான். சாயம் பட்ட கையுறையோடு வேறு எதையும் தொடாதீர்கள், கதவைத் திறக்கும்முன் ஒன்றைக் கழற்றிவிடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன்.

ஒருநாள் காலை, ஆய்வுக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று, திரைகளை இழுத்துவிட்டு யூவி விளக்கைக் கையில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். சாயம் சிந்தியிருந்தால் அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். மேஜை சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. விளக்கை அணைக்காமல் அப்படியே திரும்பினேன். கதவின் கைப்பிடி மின்னியது. பக்கத்திலிருந்த ஸ்விட்ச், ஃபிரிட்ஜ் கதவு, எல்லாவற்றிலும் விரல் விரலாக ஆரஞ்சுத் தீற்றல். அந்த மாதம் சாயத்தில் வேலை செய்தது நான் ஒருத்திதான். அவசரத்தில் அதே கையுறையோடு எத்தனை முறை கதவைத் திறந்தேனோ. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அது நான்தான்.

எனக்கு ஒன்றும் ஆகாது, என் கையில் கையுறை இருந்தது. ஆனால் அந்தக் கதவை தினமும் வெறுங்கையால் திறந்து உள்ளே வந்து பெருக்கித் துடைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

மேலாளரிடம் ஓடினேன். அளவு ரொம்பக் கொஞ்சம், துடைத்துவிடுங்கள், அவளிடம் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம் என்றார். நாலு தடவை துடைத்தேன். மனசு அடங்கவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவினாளா என்று எட்டிப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். ஓரிடத்தில் பயமில்லை என்றிருக்கும், அடுத்த இடத்தில் ஆபத்து என்றிருக்கும். வீட்டில் கணவர் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் வயிற்றின் மேல் கை வைக்கப் போனாள். பாதியில் நிறுத்தி, கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்குத்தானுங்க மேடம் அன்னிக்கு ஒரு சோடி கிளவுஸ் கேட்டேன். கூட்டறவளுக்கு எதுக்குன்னுட்டீங்க."

எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மழை வருகிறது என்பது போலச் சொன்னாள்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு குறைவாகக் கையில் பட்டதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்றார் டாக்டர். நிச்சயமாகச் சொல்லலாமா என்று மூன்று முறை கேட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். திரும்பும்போது அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "உடுங்க மேடம், நல்லாத்தான் பொறக்கும்."

அடுத்த மூன்று மாதமும் போன் அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது. நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அவள் வேலைக்குத் திரும்பவில்லை. எப்போதாவது குழந்தையின் படம் அனுப்புவாள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனை வைப்பேன். இப்போது எங்கள் கூடத்தில் கூட்டுகிறவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கையுறை.

குழந்தை நன்றாக இருப்பது என்னுடைய நல்ல நேரம் மட்டுமே; ஒரு கர்ப்பிணி கையுறை கேட்டபோது உனக்கு எதுக்கு என்று கேட்டவள் நான்தான் என்பதை அது துடைத்துவிடவில்லை.