எட்டு வாசலிலும் சிவப்புத் துணி

உங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் தரும் மாடித் தொட்டியின் மூடியைக் கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள், தெரியுமா?

தெரியாதென்றால் தொட்டியக்காவின் கதையைக் கேளுங்கள். எட்டு பிளாக்குகள் கொண்ட அரசுக் குடியிருப்பில், மூன்றாம் பிளாக் தரைத்தளத்தில், தையல் மெஷினோடு வாழ்பவர். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த பிளாக்கில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. ஒன்று அவருடைய தங்கை மகள். எல்லோரும் விதி என்றார்கள். அக்கா மட்டும் இரும்பு ஏணியில் ஏறி மூடியைத் தூக்கினார். விதி உள்ளே மிதந்தது, அழுகிய புறாவாக.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பிளாக்கின் தொட்டி. தண்ணீரை வடித்து, உள்ளே இறங்கி, பாசி போகத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசுவார். கழுவும் நாளில் அந்த பிளாக் வாசலில் வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணி ஒன்று தொங்கும். துணி இருந்தால் குடிக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

"என்னக்கா, தொட்டிக்குள்ளேயே குடித்தனம் போயிட்டீங்களா?" என்று மேலிருந்து எட்டிப் பார்ப்பார் இரண்டாம் மாடி டிரைவர்.

"வாடகை கம்மிடா. நீயும் இறங்கித் தேய், உனக்கும் ஒரு மூலை தர்றேன்."

டிரைவர் சிரிப்பார். இறங்க மாட்டார். யாருமே இறங்கவில்லை.

இந்த வருடம் அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. ஏணியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். தொட்டி கழுவ ஆள் கேட்டு அக்கா குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார்.

"அந்த வேலையையே எடுத்துட்டாங்கம்மா. பத்து வருஷம் ஆச்சு" என்றார் கிளார்க்.

"ஏன் சார்?"

கிளார்க் புகார்ப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தண்ணீர்ப் பகுதி வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஒரு புகார்கூட இல்லையே. புகார் இல்லாத இடத்துக்கு ஆள் எதுக்குன்னு மேலே கேட்டாங்க."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த வெறும் பக்கங்கள் அவர் தேய்த்துத் தேய்த்து வெளுத்தவை. இலவசமாக உழைத்த ஒருத்தியின் வியர்வையைக் காட்டி, சம்பளத்துக்கு உழைக்க வேண்டிய ஒருவனின் வேலையைப் பறித்திருக்கிறார்கள். நிர்வாகம் என்று இதற்குப் பெயர்!

மறுநாள் காலை எட்டு வாசலிலும் சிவப்புத் துணி தொங்கியது. சாயங்காலமாகியும் அவிழவில்லை. ஜனங்கள் குடத்தோடு தெருக்குழாய்க்கு நடந்தார்கள். மூன்றாம் நாள் டிரைவர் வந்து கத்தினார்.

"ஆபீஸ்காரன் மேல கோபம்னா எங்களை ஏன்கா தண்டிக்கிறீங்க?"

"கோபம் என் மேலதான்டா. நானே கழுவிக் கழுவி உங்க வாயையெல்லாம் அடைச்சு வெச்சிட்டேன். ஒரு லெட்டராவது எழுத வெச்சேனா?"

டிரைவரின் குரல் இறங்கியது. "சரி, நாங்க ஏறிக் கழுவுறோம். துணியை அவுத்துடுங்க."

"கழுவுங்க. ஆனா ஆபீசுக்குப் புகார் எழுதிட்டுக் கழுவுங்க. எந்த பிளாக்குல முப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் வருதோ, அந்த வாசல் துணியை அவுக்கிறேன்."

முதல் துணி அன்று மாலையே அவிழ்ந்தது. எட்டாவது அவிழ ஒன்பது நாள் ஆனது. இப்போது சனிக்கிழமைகளில் டிரைவர் தொட்டிக்குள் நிற்கிறார். அக்கா கீழே நாற்காலியில் இருந்தபடி, "மூலையை விட்டுட்டியே" என்று கத்துகிறார். கழுவ இறங்குவதற்கு முன், உள்ளே கண்டதை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அலுவலகம் இன்னும் ஆள் போடவில்லை. ஆனால் அந்த வெள்ளைப் பக்கங்கள் நிரம்பிவிட்டன. இனி யாரும் அவற்றைக் காட்டி எதையும் மறுக்க முடியாது.

நீங்களும் நாளைக்கே மாடிக்கு ஏறுங்கள். மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கண்டதைத் தேதி போட்டு எழுதி, அண்டை வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகு கழுவுங்கள்.