விற்பவரைத் தவிர

ரோச்டேலில் மேடேறிப் போகும் அந்தச் செங்கல் வீட்டு வரிசையில் கிளெண்டாவை எல்லோரும் மிசஸ் ஆஷ்வொர்த் என்றே கூப்பிட்டார்கள். மீனும் சிப்ஸும் பொரிக்கும் கடைக்காரர், தபால்காரர், மருந்துக்கடைப் பெண், எதிர்வீட்டு ஷமீம், எல்லோரும் அப்படித்தான். அவள் யாரையும் திருத்தியதில்லை. நெவில் ஆஷ்வொர்த்தோடு தன் ஆயுளில் பாதிக்கு மேல் கழித்தவள் அவள். அதை எந்தப் பெயரால் சொன்னால் என்ன என்பதுதான் அவள் எண்ணம்.

அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தாள். நெவில் பஸ் ஓட்டினான். அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது வீடு ஏற்கெனவே அவன் பெயரில் இருந்தது. முதல் மனைவி பிரிந்து போனபோது அவளுடைய பங்கைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பத்திரத்தில் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. ஒரு முடிச்சை அவிழ்க்கப் பட்ட பாடு இந்தப் பிறவிக்குப் போதும் என்பான். கிளெண்டாவும் கேட்கவில்லை. வீட்டுக் கடன் அவன் கட்ட, அடுப்பும் விளக்கும் திரைச்சீலையும் அவள் பாடு என்று பேசாமலே ஓர் ஏற்பாடு அமைந்தது. அவர்கள் இருவருக்குள் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சாப்பிட்டுத் தீர்ந்த சாப்பாட்டுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது.

முதல் மனைவிக்குப் பிறந்த மகள் டெப்ரா, சனி ஞாயிறுகளில் வருவாள். முதல் நாள் வந்தபோது ஒன்பது வயது. கோட்டைக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கிளெண்டா கெஞ்சவில்லை. இரண்டு தட்டில் பொரித்த முட்டையும் ரொட்டியும் எடுத்து வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து தன் தட்டைக் காலி செய்தாள். மறுவாரமும் படியில்தான் சாப்பாடு. மூன்றாம் வாரம் டெப்ரா தானாகவே மேசைக்கு வந்தாள். அம்மா என்று அவள் ஒருநாளும் அழைத்ததில்லை. கிளெண்டா என்றே அழைத்தாள், ஆனால் காய்ச்சல் வந்தால் அந்தப் பெயரைத்தான் முனகுவாள்.

பின்னாளில் கூரை ஒழுக ஆரம்பித்தது. நெவில் பழைய கடனை அடைத்துவிட்டு, வேறொரு வங்கியில் வீட்டை வைத்துக் கொஞ்சம் கூடுதலாகக் கடன் எடுத்தான். புது வங்கி ஒரு கேள்வி கேட்டது: கடன் வாங்குபவரைத் தவிர வயது வந்த வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா? இருந்தால், கடன் மூழ்கிப்போகும் நாளில் எனக்கும் உரிமை உண்டு என்று குறுக்கே நிற்கமாட்டேன் என அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் தனியாக ஒரு வக்கீலிடம் விவரம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். கிளெண்டா வேலை முடிந்து, கையில் குழம்பு வாடை போகாமலே, கடைத்தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள்.

வக்கீல் இளம்பெண். கையெழுத்து வாங்குவதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆன மாதிரிதான் என்றாள் கிளெண்டா. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்:

“ஆன மாதிரின்னு சட்டத்துல ஒண்ணு கிடையாதுங்க. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீடு உங்களுக்குத் தானா வராது. பத்திரத்துல உங்க பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. இல்லன்னா ஒரு உயிலாவது எழுதச் சொல்லுங்க. எப்படியும் காகிதமெல்லாம் மேசைமேலதான் இருக்கு, இப்பவே செஞ்சுடலாம்.”

அன்று மாலை கிளெண்டா அதைச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதுதான் விஷயம். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, அடுத்தவர் வீட்டுச் செய்தி போல, அந்தப் பெண் இப்படி ஏதோ சொன்னாள் என்றாள். நேராகக் கேட்டால் அவன் சாவை முன்கூட்டியே கணக்குப் போடுகிறவளாகிவிடுவோம் என்று அவளுக்குக் கூச்சம்.

நெவில் சிரித்தான். “வக்கீலுக்கு வேற பொழப்பு என்ன? கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு பில்லு போடுவாங்க. ஆறு வருஷம் ஒண்ணா இருந்தாலே நீ வழக்கத்தால பொண்டாட்டி. டிப்போல யாரை வேணா கேளு.”

டிப்போவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த ஊரில் மட்டுமல்ல, அந்த நாட்டிலேயே பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆறு என்பார் ஒருவர், ஏழு என்பார் இன்னொருவர். வருஷக் கணக்கில்தான் சண்டை, விஷயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனிதர்கள் தங்கள் நியாயத்தால் முடிவுகட்டி, அதைச் சட்டம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அந்த நியாயத்தில் குறையில்லை. அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

கிளெண்டா மசித்த கிழங்கைத் தட்டில் பரிமாறினாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள். கூரை சரியானது.

ஓய்வு பெற்ற மூன்றாம் குளிர்காலத்தில் நெவில், சிப்ஸ் கடை வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தான். ஆம்புலன்சில் உடன் வரலாமா என்று கிளெண்டா கேட்டபோது, மனைவியா என்றார்கள். ஆமாம் என்றாள். அங்கே அது செல்லுபடியாயிற்று. கடைசியாக அங்கேதான்.

உயில் இல்லை. இழுப்பறையில் காலாவதியான பஸ் உரிமமும் நாலைந்து பேட்டரியும்தான் இருந்தன. உயில் இல்லாவிட்டால் எல்லாம் பெற்ற பிள்ளைக்கு. டெப்ராவுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. கணவனைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு ஸ்விண்டனில் வாடகைக்கு இருந்தாள். அடக்கம் முடிந்த அன்று சாண்ட்விச் தட்டை ஏந்தியபடி சமையலறைக்கு வந்து, இது உன் வீடு கிளெண்டா, யாரும் உன்னைக் கிளப்பப்போவதில்லை என்றாள். மனசாரச் சொன்னாள்.

ஆனால் கூரைக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள டெப்ராவின் சம்பளம் போதாது என்றது வங்கி. அறுபத்தெட்டு வயதில் பள்ளிக்கூட ஓய்வூதியத்தை நம்பி கிளெண்டாவுக்கு யார் கொடுப்பார்கள்? விற்பதைத் தவிர வழியில்லை என்று டெப்ராவின் வக்கீல் சொல்லிவிட்டார். அதன்பிறகு டெப்ராவின் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. வந்தாலும் வானிலையைப் பற்றிப் பேசினாள்.

ஷமீம்தான் விடவில்லை. “சும்மா உக்காந்து டீ குடிச்சா ஆகுமா கிளெண்டா? நாலு கதவு தட்டணும். என் மச்சான் வீட்டு வக்கீல் இருக்காரு, வா” என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

அந்த வக்கீல் வயதானவர், நிதானமானவர். வழி இருக்கிறது என்றார். மனைவி போலவே கூட வாழ்ந்தவர், இறந்தவரின் சொத்திலிருந்து தனக்கு ஆதரவு கேட்டு நீதிமன்றம் போகலாம். சொத்தை நிர்வகிக்கும் அனுமதி டெப்ராவின் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். ஜெயிப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, சாகும்வரை அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமைகூடக் கிடைக்கலாம் என்றார். அன்றைக்குத்தான், பல வாரங்களுக்குப் பிறகு, கிளெண்டாவுக்குப் பசித்தது.

அடுத்த சந்திப்பில் அவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். மனைவி போல வாழ்ந்தீர்கள் என்று காட்ட வேண்டும், யார் சொல்வார்கள் என்று கேட்டார். சிப்ஸ் கடைக்காரரைச் சொன்னாள். ஷமீமைச் சொன்னாள்.

“அவங்க வாசல் வரைக்கும் பாத்தவங்க. எதிர்த்தரப்பு ஒருவேளை, இவங்க வாடகைக்கு இருந்தவங்க, சிநேகிதி, அவ்வளவுதான்னு சொல்லலாம். வீட்டுக்குள்ள இருந்து பாத்தவங்க யாராவது உண்டா?”

கிளெண்டா யோசித்தாள். அவள் பக்கத்தில் உறவென்று யாருமில்லை. நெவிலின் அண்ணன் ஒருவர் இருந்தார், அவரும் போய்விட்டார். அந்த வீட்டின் காலைகளையும் சண்டைகளையும், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதையும் கண்ணால் கண்டவர் உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

“ஒருத்தி இருக்கா,” என்றாள். “அவ மேலதான் நீங்க கேஸ் போடச் சொல்றீங்க.”

வக்கீல் பேனாவை மூடவில்லை. கேட்டால் டெப்ரா உண்மையைச் சொல்லக்கூடும் என்றார். அதுதான் கிளெண்டாவுக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னால் அந்தப் பிள்ளையை இழக்க வேண்டும். உண்மை சொன்னால், பிள்ளையும் பேரக்குழந்தைகளும் தலைக்கு மேல் ஒரு சொந்தக் கூரை காணும் வாய்ப்பை அவள் வாயாலேயே அழிக்கவைக்க வேண்டும். சட்டம் கேட்பது நியாயமான கேள்விதான், அதற்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்? கேள்வி நியாயமாக இருந்தும் பதில் கொடுமையாக இருக்க முடியும் என்பதை அவள் அந்த நாற்காலியில் தெரிந்துகொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள்.

மாதங்கள் கழிந்தன. ஷமீம் திட்டினாள், கெஞ்சினாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். கிளெண்டா போகவில்லை. கெடு முடிந்த நாளில் வக்கீலிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். மறுநாள் வீடு பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது.

வந்தவர்களில் ஓர் இளம் தம்பதிக்கு வீடு பிடித்துப்போயிற்று. விலை பேசி முடிந்ததும் டெப்ரா விற்பவருக்கான நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. வீட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைபேசியில் கேள்விகளைப் படிக்க, கிளெண்டா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். எந்த வேலி யார் பொறுப்பு? இடப்பக்கம் நம்முடையது. பாய்லர் எப்போது பழுதுபார்த்தது? இலையுதிர் காலத்தில். அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா? ஷமீமோடுதான், அதை எழுதாதே என்றாள் கிளெண்டா. டெப்ரா சிரித்தாள். நெவில் போனபிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன, அடுத்தது?”

“அப்புறமா எழுதிக்கறேன்.”

“படி கண்ணு.”

டெப்ரா தொண்டையைச் செருமினாள். “விற்பவரைத் தவிர, பதினேழு வயசுக்கு மேல யாராவது இந்த வீட்ல வசிக்கறாங்களா?”

“ஆமான்னு போடு.”

“அவங்க…” குரல் உடைந்தது. “அவங்க காலி பண்ண சம்மதிச்சிருக்காங்களா?”

கிளெண்டா சமையலறை மேசையைப் பார்த்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

“ஆமான்னு போடு. அழாத, எழுத்து கலைஞ்சிடும்.”

“பணம் வந்தா… ஒரு பங்கு உனக்குக் கொடுத்துடுவேன் கிளெண்டா. சத்தியமா.”

“நீ கொடுப்பேன்னு தெரியும். எழுது முதல்ல.”

டெப்ரா எழுதினாள். பிறகு தயங்கி, சின்னக் குரலில் கேட்டாள்: “முழுப்பேர் கேக்குது. உன் குடும்பப்பேர் என்ன? எனக்குத் தெரியலையே.”

“பிக்கர்ஸ்டாஃப்,” என்றாள் கிளெண்டா. வெகுகாலமாகச் சொல்லாததால் அது வேறு யாருடைய பெயரோ போல வாயில் தடுக்கியது. டெப்ரா திரும்பச் சொல்லச் சொன்னாள். எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

அடுத்த கேள்வி சாக்கடையைப் பற்றியது. அது பின்சந்து வழியாகப் போகிறது, ஐந்து வீட்டுக்கும் பொது என்று கிளெண்டா சொன்னாள்.