எஞ்சின் அணையும் இடம்

ஆயில் கலந்த பெட்ரோல் புகை மூக்கில் ஏறினால் எனக்குத் தோசை ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிப் பக்கம் ஒரு மைதானத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். என் மகள் தாரணிதான் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தாத்தா வண்டி மாதிரியே ஒண்ணு வருதும்மா. நீ ஷேர் ஆட்டோல முன்னாடி போ. ஆபீஸ் வேல கொஞ்சம் இருக்கு, முடிச்சிட்டுப் பின்னாலயே வந்துடறேன்." அந்தப் 'பின்னாலயே'யை நம்பித்தான் காட்டுப்பாக்கத்தில் ஆட்டோ ஏறினேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்படுகிற ஜாதி. கேஸை மூடினேனா என்று லிஃப்டுக்குள் போன பிறகு திரும்பி வருவேன். மூடித்தான் இருக்கும். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இழுத்த இழுப்பில் கழன்றிருக்குமோ என்று இன்னொரு தடவை இழுப்பேன். தாரணி இதையெல்லாம் நடித்துக் காட்டி அவள் சிநேகிதிகளைச் சிரிக்க வைப்பாள். நன்றாகத்தான் நடிப்பாள்.

மைதானத்தில் ஷாமியானா போட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துணி வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு அலங்காரம் நடக்காது. கடைசிக்கு முன்னால் நின்றது எங்கள் வண்டி. எங்களுடையதே இல்லை, அதே மாதிரி. அரக்கு நிற டேங்க், பின்பக்கம் இரண்டு சைலன்சர். எங்கள் தெருவில் அதை ரெட்டைக்குழல் என்றுதான் சொல்வோம். அதில் ஒரு வேடிக்கை, கியர் போடுகிற அதே கம்பியைத்தான் மேலே திருப்பி உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். சின்ன வயதில் அதைப் பெரிய மந்திர வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நகராமல் நிற்பதைப் பார்த்து வண்டிக்காரர் கேட்டார். கண்ணாடி போட்ட இளைஞர், சாப்ட்வேர் வேலையாம். "ஆன்ட்டி, உங்க வீட்ல இருந்துச்சா? ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?"

ஒரே உதை. வெள்ளைப் புகையோடு அந்தச் சத்தம் கிளம்பியது. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்கு மட்டும் இந்தச் சத்தம் நிற்க வேண்டும், சரியான இடத்தில் நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் தெருவில் எங்கள் வீடு. ஷிப்ட் விடுகிற நேரத்தில் ரோட்டில் எத்தனையோ வண்டிகள் போகும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே அத்தனைக்கும் நடுவில் அப்பா வண்டியைப் பொறுக்கி எடுத்துவிடுவாள். "தோ, உங்கப்பா வந்துகினு கீறாரு. தட்ட எட்து வை" என்பாள்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். மெயின் ரோடு மேடு, எங்கள் தெரு பள்ளம். அதனால் தெருமுனையில் திரும்பியதுமே எஞ்சினை அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சமாம். என்னத்தை மிச்சமானதோ, கேட்டால் கோபம் வரும். அங்கிருந்து வீடு வரைக்கும் வண்டி சத்தமில்லாமல் உருண்டு வரும். முனையில் சத்தம் அணைகிற அந்த நொடியில் அம்மா கல்லில் மாவை ஊற்றுவாள். அப்பா கைகால் கழுவிவிட்டு உட்காரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். மற்ற வீடுகளில் சத்தம் கேட்டால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். எங்களுக்குச் சத்தம் நின்றால்தான் அர்த்தம்.

ஒருநாள் சாயங்காலம் அதே சத்தம் வந்தது. முனையில் திரும்பியது. அணையவில்லை. தெருவுக்குள்ளும் புடபுடவென்று வந்துகொண்டே இருந்தது. அம்மா மாவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அது உங்கப்பா இல்ல" என்றாள்.

"நம்ம வண்டிதாம்மா" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். வண்டி வாசல் வரைக்கும் வந்துதான் நின்றது. இறங்கியவர் அப்பாவோடு வேலை பார்க்கும் பாபு.

"அண்ணி, தைரியமா இருங்க. அண்ணாத்தைக்குக் கை மெசின்ல மாட்டிக்கினுச்சு. ஆஸ்பத்திரில கீறாரு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஏறுங்க, இட்டுகினு போறேன்."

அம்மா எங்கள் வண்டியிலேயே வேறு ஒருவர் பின்னால் உட்கார்ந்து போனாள். நான் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து, வருகிற போகிற சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிடித்த கவலைதான், இன்னும் விட்டபாடில்லை.

அப்பா வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் வீடு திரும்பினார். ஆக்ஸிலேட்டரை முறுக்கப் பிடி கிடைக்கவில்லை. வண்டியை விற்றோம். பிறகு ரிட்டயர் ஆகும் வரைக்கும் பஸ்தான். பஸ்ஸில் வருகிறவருக்குச் சொந்தமாகச் சத்தம் ஏது? அதுவரைக்கும் அடுப்படியை விட்டு நகராத அம்மா, அதற்கப்புறம் தினமும் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். அப்பா கிண்டல் செய்வார். "இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? நான் இன்னா தொலஞ்சா பூடுவேன்?" அம்மா உள்ளே போய் மாவை எடுப்பாள். முதல் தோசைக்கு அப்பா காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு பேருமே இல்லை.

இளைஞர் எஞ்சினை அணைத்தார். நான் சட்டென்று மைதானத்தின் வாசலைப் பார்த்தேன். தாரணி இல்லை. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். பூந்தமல்லி ரோட்டில் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு ஓடினேன்.

அங்கே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. தாரணி வைத்திருப்பது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். புகை இல்லை, செலவு இல்லை என்று வாங்கும்போது நான்தான் ஆசையாக மாலை போட்டேன். அதற்குச் சத்தமே கிடையாது.

"இன்னாம்மா, உள்ள நெழலு கீது, இங்க வெயில்ல நின்னுகினு கீறீங்க?" என்றார் வாசல் காவலாளி. நான் தலையை ஆட்டிவிட்டு ரோட்டையே பார்த்தேன்.

பின்னாலிருந்து தோளில் கை விழுந்தது. தாரணி.

"அம்மா, நான் எப்பவோ வந்துட்டேன். அந்தப் பக்க கேட்ல வண்டிய விட்டுட்டு உள்ள உன்னத்தான் தேடிக்கிட்டிருக்கேன். இந்த வண்டிங்க சத்தத்துல போன் கேக்கல. நீ ஏன் இங்க வந்து நிக்கற?"

அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறது என்றாள்.

வீட்டுக்கு அவள் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வண்டி நழுவிக்கொண்டு போயிற்று. எஞ்சினை அணைத்த பிறகு தெருவுக்குள் அப்பா உருண்டு வருவாரே, அந்தக் கொஞ்ச தூரம், அதே மாதிரி வழி நெடுக. சுகமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் ஒருத்தி காத்திருந்தால், அவளுக்குக் கேட்க ஒரு சத்தமும் இல்லை, அது அணைந்து, ஆள் வந்தாச்சு என்று சொல்ல ஒரு இடமும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் தாரணி ஆபீசிலிருந்து வரும் நேரம். மாவில் உப்புப் போட்டுக் கலக்கி வைத்தேன். அடுப்பைப் பற்றவைக்காமல் பால்கனியில் போய் நின்றுகொண்டேன்.